வாழத் தகுந்த மாவட்டம் எது?

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கமும் பட்டிமன்றமும் நடைபெறும் இம்மேடையில் கூலி, வாடகை, வரி என்னும் மூன்று சொற்களோடு வந்து நிற்கும் என்னைக் கண்டு சிலர் வியக்கக்கூடும். நான் பேரூராட்சி ஒன்றில் வரித்தண்டலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கவிதை எழுதத் தொடங்கியதும் இரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில்தான். மேலும், கணக்குப் பேசுவதற்குக் குச்சனூரைக் காட்டிலும் பொருத்தமான ஊர் வேறில்லை. சுரபி நதிக்கரையில் சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் சனீசுவர பகவானை ஆடிச் சனிக்கிழமைகளில் நாடி வருவோர் அனைவரும் தத்தம் கணக்கோடுதானே வருகின்றனர்? பட்டது எவ்வளவு, இன்னும் படவேண்டியது எவ்வளவு என்பதே அவர்கள் கேள்வி. என் கேள்வியும் ஏறத்தாழ அதுவே.

இத்தலைப்பை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் வட்டத்து இளங்கவிஞர் ஒருவர் அதை என்னிடம் கொண்டுவந்தார். அவர் பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. மாதக் கூட்டங்களுக்குப் பாய் விரித்தவர், அழைப்பிதழைத் தம் கையால் எழுதி ஒட்டியவர் என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, ஆற்றங்கரைப் படியில் என் அருகே வந்து அமர்ந்தார். "ஐயா, ஊரிலேயே இருக்கவா, திருப்பூருக்குப் போகவா? நீங்க கணக்கு தெரிஞ்சவங்க, நீங்களே சொல்லுங்க" என்றார்.

நம் பள்ளத்தாக்கைப் பாடி நான் எழுதிய கவிதைகள் நாற்பதுக்குக் குறையா. அவற்றுள் ஒன்றேனும் அந்தக் கேள்விக்கு விடையாக நிற்கவில்லை. எனவே தாளை எடுத்தோம், கோடு கிழித்தோம். அன்று அவரோடு போட்ட கணக்கையும், அதன் பின்னர் நான் தனியே சிந்தித்தவற்றையுமே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஊரை அளக்கும் கோல்கள்

ஒரு நாடு வாழத் தகுந்ததா என்று கேட்பது புதிய வழக்கமன்று. வள்ளுவர் பொருட்பாலில் 'நாடு' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். விளைவு, நோயின்மை, காவல் ஆகியவற்றோடு, சுமையைத் தாங்கி அரசுக்குரிய இறையைச் செலுத்தும் ஆற்றலையும் அதில் சேர்த்துச் சொன்னார். வரி என்பது நாட்டின் இலக்கணத்துள் ஒன்று என்பது நமக்குப் பழைய செய்தி.

இக்காலத்தார் வேறு கோல்களைக் கைக்கொண்டனர். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990இல் மனித வளர்ச்சிக் குறியீட்டை வெளியிட்டது. ஆயுள், கல்வி, வருவாய் மூன்றையும் சேர்த்து நாடுகளை வரிசைப்படுத்தியது. தமிழ்நாடு தன் முதல் மனித வளர்ச்சி அறிக்கையை 2003இல் வெளியிட்டது. இந்திய அரசு 2018இல் 111 நகரங்களை எடுத்துக்கொண்டு 'எளிதாக வாழும்' தகுதியை அளந்தது. 2020ஆம் ஆண்டுக்கான பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுள் பெங்களூரு முதலிடமும் சென்னை நான்காமிடமும் பெற்றன. அத்தகைய பட்டியலில் குச்சனூரையோ சின்னமனூரையோ தேடிப் பயனில்லை. பெருநகரங்களை அளக்கச் செய்த கோல் நம் தெருவுக்குள் நுழைவதில்லை.

அமெரிக்காவில் 'கவுன்டி' என்றொரு நிலப்பிரிவு உண்டு; நம் மாவட்டத்தைப் போன்றது. அங்கே குடிபெயர நினைப்போர் மூன்று செய்திகளைப் பார்க்கின்றனர்: அக்கவுன்டி மக்களின் வருவாய் எவ்வளவு, வீட்டுக்கு ஆகும் செலவு எவ்வளவு, வரி எவ்வளவு. வருவாயில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்கே போனால் அது சுமை என்பது அந்நாட்டில் வழங்கும் அளவுகோல். சார்லசு டீபோ என்னும் பொருளியலறிஞர் 1956இல் எழுதிய கட்டுரையில், மக்கள் தமக்கேற்ற வரியும் வசதியும் உள்ள ஊரை நாடிக் குடிபெயர்வதையே ஒருவகைத் தேர்வாகக் கண்டார். காலால் இடும் வாக்கு என்று அதனைச் சொல்லலாம்.

அதே மூன்று கோல்களை நம் தேனி மாவட்டத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்தது நம் மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 12,45,899. இத்தனை பேருள் ஒருவராகிய நம் இளங்கவிஞரின் கேள்விக்கு அக்கோல்கள் விடை சொல்லுமா என்பதே சோதனை.

முதற்கணக்கு: வருவாய்

சராசரி என்னும் சொல்லிடத்து எச்சரிக்கையாக இருக்கவேண்டும். பத்துப் பேர் அமர்ந்திருக்கும் திண்ணையை எண்ணிப் பாருங்கள். ஒன்பது பேருக்கு மாதம் 10,000 ரூபாய். பத்தாமவருக்கு 1,10,000 ரூபாய். சராசரி 20,000. ஆனால் அத்திண்ணையில் 20,000 வாங்குபவர் ஒருவருமில்லை. பத்துப் பேரையும் வருவாய் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் 10,000 என்பார். இதனை இடைநிலை அளவு என்று பள்ளிக் கணக்கில் படித்தோம். ஏலத்தோட்ட முதலாளியும் தோட்டக் கூலியும் ஒரே தெருவில் வாழும் பள்ளத்தாக்கில், சராசரியை நம்புகிறவன் ஏமாறுவான். நடுவில் நிற்பவரைக் கேட்பதே நேர்மை.

நடுவில் நிற்பவர் எங்கே வேலைக்குப் போகிறார்? அதிகாலை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் நம் ஊர்ச் சாலைகளில் நின்று பாருங்கள். தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஜீப்புகளில் ஏறுகின்றனர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வழிகளில் மலையேறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய், மாலையில் இறங்கி வருகின்றனர். தேவிகுளமும் பீர்மேடும் 1956 மாநிலச் சீரமைப்பில் கேரளத்தோடு இருந்துவிட்டன. எல்லைக்கோடு மலைமேல் விழுந்தது. கூலிக்கோடும் உடன் விழுந்தது. இந்திய ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டில் 2021–22ஆம் ஆண்டுக்குரிய நாட்கூலியைப் பார்த்தேன். ஆண் வேளாண் தொழிலாளியின் சராசரி கேரளத்தில் 726 ரூபாய் 80 காசு. தமிழ்நாட்டில் 445 ரூபாய் 60 காசு. நாடு முழுமைக்கும் 323 ரூபாய் 20 காசு.

மலைக்கு அப்பால் கூலி உயர்வு. மலைக்கு இப்பால் குடியிருப்புச் செலவு குறைவு. இவ்விரண்டுக்கும் நடுவே ஓடும் பாலமே அந்த ஜீப். அதில் நெருக்கியடித்து அமர்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வருவது அப்பாலத்துக்குச் செலுத்தும் சுங்கம். நான் சொன்ன அட்டவணை ஆண்களின் கூலியைப் பேசுகிறது. ஜீப்பில் பெரும்பாலும் இருப்போர் பெண்கள். அவர்களுடைய வருவாய் ஏலக்காய் பறிப்புக் காலத்தில் ஏறி, பறிப்பு ஓய்ந்ததும் இறங்கிவிடுகிறது.

இங்கே நிருவாகப் பெயர்ப்பலகையும் ஒரு வேலை செய்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த நூறு நாள் வேலை, சிற்றூராட்சிகளுக்கே உரியதாக அமைந்தது. நம் குச்சனூரோ பேரூராட்சி. 'பேரூர்' என்னும் பெருமை வந்தது. நூறு நாள் வேலை வரவில்லை. வயலும் வாய்க்காலும் இருபுறமும் ஒன்றே. நடுவில் பலகை ஒன்றே வேறு.

இரண்டாம் கணக்கு: வீடு

நம் பக்கத்து வீட்டுக்கணக்கை வெளிநாட்டு அட்டவணையால் அளக்க இயலாது. காரணம் ஒத்தி. உரிமையாளரிடம் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்பப் பெறுகிறோம். வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டு, "வாடகையே இல்லையா? உங்கள் ஊர் சொர்க்கம்" என்கின்றனர். அவர்களுக்கு ஒரு கணக்கு.

இரண்டு லட்சம் ரூபாய்க்கு ஒத்தியாக ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கையில் இரண்டு லட்சம் வைத்திருப்பவர் அதனை வங்கியில் இட்டிருந்தால் ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி என்று கொண்டாலும் 12,000 ரூபாய் கிடைத்திருக்கும். அதை அவர் இழக்கிறார். ஆகவே அவருக்கு அவ்வீடு மாதம் 1,000 ரூபாய். கையில் பணமில்லாதவர் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கி ஒத்தி போடுகிறார். அவருக்கு மாத வட்டி 4,000 ரூபாய். ஒரே வீடு, ஒரே சுவர், ஒரே ஓட்டை விழுந்த தகரம். இருப்பவனுக்கு ஆயிரம், இல்லாதவனுக்கு நாலாயிரம். புள்ளிவிவரம் எடுக்க வருபவரின் தாளில் இருவருக்கும் வாடகை 'இல்லை' என்றே பதிவாகும்.

நண்பர்களே, வாடகை என்று பேசும்போது நம் பள்ளத்தாக்கே ஒரு வாடகைக் கணக்கில் வாழ்வதை மறத்தலாகாது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே கையெழுத்தான பெரியாறு குத்தகை 999 ஆண்டுகளுக்கு உரியது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், மொத்தம் 40,000 ரூபாய். 1970இல் அது ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. பென்னி குவிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டபின் மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் பாடும் பசுமையின் அடியில் ஒரு குத்தகைப் பத்திரம் இருக்கிறது. பசுமையைப் பாடும் கவிஞன் பத்திரத்தையும் படிக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மூன்றாம் கணக்கு: வரி

இது நான் சோறு உண்ட துறை. ஆகவே சற்று உரிமையோடு பேசுகிறேன்.

குறைந்த வரி உள்ள ஊரே நல்ல ஊர் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அரை உண்மை. அமெரிக்கக் கவுன்டிகளில் வீட்டுவரியின் பெரும்பகுதி உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. வரி குறைந்தால் வகுப்பறையும் மெலியும். எனவே 'எவ்வளவு வரி' என்பதோடு 'அதற்கு என்ன கிடைக்கிறது' என்றும் கேட்கவேண்டும். இதை எனக்குக் கற்பித்தது நூலன்று. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஊரில் ஒரு முதிய தாயார், அரையாண்டு வரியை முந்தானை முடிச்சிலிருந்து எண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "வருசம் ரெண்டு வாட்டி நீங்க தவறாம வந்துர்றீங்கய்யா. தண்ணி எப்ப வரும்?" இரசீதில் அதற்கு விடை எழுத இடமில்லை. தலை குனிந்து அடுத்த வீட்டுக்குப் போனேன்.

இரண்டாவது கேள்வி, வரி யார் மேல் எவ்வளவு பாரமாக விழுகிறது என்பது. தொழில்வரியை எடுத்துக்கொள்வோம். அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. 1988இல் செய்த திருத்தம் அது. தமிழ்நாட்டில் அரையாண்டு வருவாய் 21,000 ரூபாய் வரை தொழில்வரி இல்லை. 75,000 ரூபாயைத் தாண்டினால் உச்சப் படி. அதாவது மாதம் 12,500 ரூபாயைச் சற்றே கடந்த கடைக் கணக்கரும், மாதம் ஒரு லட்சம் வாங்கும் அதிகாரியும் ஒரே படியில் நிற்கின்றனர். உச்ச அளவாகிய 2,500 ரூபாய் கணக்கருக்கு ஆண்டு வருவாயில் ஏறத்தாழ 1.7 விழுக்காடு, அதிகாரிக்கு 0.2 விழுக்காடு. தொகை ஒன்று, பாரம் எட்டு மடங்கு வேறு.

சரக்கு சேவை வரி 2017 சூலை முதல் நடப்பில் இருக்கிறது. அது வாங்குபவனின் வருவாயைக் கேட்பதே இல்லை. குளியல் சோப்புக்கு இருந்த 18 விழுக்காடு 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடானது, மகிழ்ச்சி. எனினும் ஒரு சோப்புக்குத் தோட்டக் கூலி செலுத்தும் வரியும் தோட்ட முதலாளி செலுத்தும் வரியும் ஒன்றே. வருமான வரி கட்டாதவர்கள் வரியே கட்டாதவர்கள் என்று பேசுவோர், மளிகைக் கடைப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

நேர்மாறாக ஒரு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. 2022இல் பேரூராட்சிகளில் சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் என்று படிப்படியாக வைத்தனர். உயர்வு கசப்புத்தான். ஆனால் சிறிய வீட்டின் மேல் சிறிய சுமை என்னும் நெறி அதில் இருந்தது. பிசிராந்தையார் அறிவுடை நம்பிக்கு உரைத்த அறிவுரை புறநானூற்றில் உள்ளதை நீங்கள் அறிவீர்கள். நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால் அது உண்பதைவிட மிதித்துக் கெடுப்பது மிகுதி. எவ்வளவு என்பதைவிட எவ்வாறு என்பது பெரிது.

இரசீது இல்லாத வரி

மூன்று கணக்கையும் பார்த்தோம். இவற்றுள் அடங்காத வரி ஒன்று உண்டு. தொலைவு அதன் பெயர்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ஓடிய மீட்டர் பாதை இரயில் 2010ஆம் ஆண்டு இறுதியில் நின்றது. அகலப் பாதையில் தேனிக்கு மீண்டும் இரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 சூன் மாதம். இடைப்பட்ட பதினோராண்டுகளில் மதுரைக்குக் கல்லூரி, மருத்துவமனை, நீதிமன்றம் என்று சென்ற ஒவ்வொருவரும் பேருந்தில் கூடுதலாகக் கொடுத்த காசு, இழந்த நேரம், இழந்த ஒருநாள் கூலி ஆகிய இவற்றை யார் கூட்டிப் பார்த்தார்? க.விலக்கில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இவ்வரியைப் பெருமளவு குறைத்தது. அது வந்ததால் நம் ஊரின் வருவாயும் கூடவில்லை, வாடகையும் குறையவில்லை. ஆயினும் நம் ஊர் வாழ்வதற்கு மேலும் தகுந்ததாயிற்று. ஆகவே மூன்று கோல்கள் மட்டும் போதா என்பது தெளிவு.

ஆற்றங்கரைக் கணக்கு

இப்போது நம் இளங்கவிஞரிடம் திரும்புகிறேன். அவர் சொன்ன தொகைகளையே தருகிறேன்.

இங்கே அவருக்குச் சின்னமனூரில் கடை வேலை, மாதம் 12,000. அவர் மனைவிக்கு ஏலத்தோட்ட வேலை, சில மாதம் மிகுதி, சில மாதம் ஒன்றுமில்லை, நிரவினால் 3,000. ஆக 15,000. குடியிருப்பது ஒத்தி வீடு. இரண்டு லட்சமும் வட்டிக்கு வாங்கியது. மாத வட்டி 4,000. கையில் நிற்பது 11,000.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் அவருக்கு 18,000. மனைவிக்குப் பிசிறு வெட்டும் வேலை, 11,000, அதுவும் மாதந்தவறாமல். ஆக 29,000. வாடகை 6,000. மிச்சம் 23,000. ஒத்திப் பணம் திரும்ப வந்து கடன் அடைந்துவிடுவதால் வட்டி இல்லை. ஆனால் இங்கே பாட்டி பார்த்துக்கொள்ளும் குழந்தையை அங்கே பார்க்க ஆள் வேண்டும். அரிசி, காய், பால் எல்லாம் கூடுதல். மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோகவேண்டும். இவற்றுக்கெல்லாம் கூடுதலாக 8,000 என்று அவரே மதிப்பிட்டார். கையில் நிற்பது 15,000.

15,000க்கும் 11,000க்கும் வேற்றுமை 4,000. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த நாலாயிரம், அவர் ஒத்திக் கடனுக்குக் கட்டும் வட்டியேதான். அவ்வட்டி இல்லாதிருந்தால் இரண்டு ஊரும் சமம். சமமாயிருந்தால் அவர் ஊரை விட்டிருக்கமாட்டார். அதை அவர் வாயாலேயே சொன்னார்.

அன்பர்களே, அவரை ஊரைவிட்டு அனுப்பியது குறைந்த கூலியன்று, அதிக வரியுமன்று, உயர்ந்த வாடகையுமன்று. மூன்று கோல்களின் கண்ணுக்கும் தப்பிய வட்டி. அதே கடன் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்குக் கிடைத்திருந்தால் அவர் சுமை பாதியாகியிருக்கும். அவர் மனைவிக்கு ஆண்டு முழுதும் ஊரிலேயே வேலை கிடைத்திருந்தால் அந்தத் தாளையே நாங்கள் எடுத்திருக்கமாட்டோம். ஓர் ஊரின் தகுதியை ஒருவர் வருவாயால் அளப்பது தவறு என்பதும் அன்று எனக்கு விளங்கியது. குடும்பத்தின் இரண்டாமவருக்கு வேலை உண்டா என்று கேட்கவேண்டும். நம் பள்ளத்தாக்கு தோற்பது பெரும்பாலும் அக்கேள்வியில்தான்.

எனவே என் அளவுகோலைச் சுருக்கிச் சொல்கிறேன். வாழத் தகுந்த மாவட்டம் என்பது சராசரி வருவாய் மிகுந்த மாவட்டமன்று. வரி குறைந்த மாவட்டமுமன்று. நடுவில் நிற்கும் ஒரு குடும்பம், வீட்டுக்கும் வட்டிக்கும் வரிக்கும் வழிச்செலவுக்கும் கொடுத்தபின், கையில் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது? அந்த மிச்சத்தைச் செலவழிக்க எவ்வளவு பொழுது மிச்சம் இருக்கிறது? இவ்விரண்டே கேள்வி. பொழுதையும் சேர்த்தே சொல்கிறேன். விடியுமுன் ஜீப்பில் ஏறி இருட்டியபின் இறங்குபவருக்குப் பணம் மிஞ்சினாலும் மாலைப்பொழுது மிஞ்சுவதில்லை. நம் மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாய்மார்களில் ஒருவரேனும் வராததன் காரணத்தை நாம் பத்தாண்டுகளாக வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தோம்.

செப்பேடு காட்டும் வழி

இதில் இலக்கிய வட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அதற்கு விடை நமக்கு அண்டையிலேயே இருக்கிறது.

சின்னமனூர்ச் செப்பேடுகளைப் பற்றி இம்மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் அவை கூறுகின்றன என்று பெருமிதம் கொண்டோம். ஆனால் அச்செப்பேட்டை வெட்டியது இலக்கிய வரலாறு எழுதுவதற்காகவன்று. பத்தாம் நூற்றாண்டில் இராசசிம்ம பாண்டியன் ஓர் ஊரைப் பிரமதேயமாக வழங்கியதைப் பதிவுசெய்யவே அது வெட்டப்பட்டது. அரசன் புகழைப் பாடும் பகுதியும் நிலக்கொடையைக் குறிக்கும் பகுதியும் அதில் ஒரே கோவையில் உள்ளன. பாட்டும் கணக்கும் ஒரே வளையத்தில் கோத்தவை. நாம் பாட்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, கணக்கைத் தொல்லியல் துறையிடம் விட்டுவிட்டோம்.

பத்தாண்டுகளில் நம் வட்டம் வெளியிட்ட கவிதைகளைச் சென்ற வாரம் மீண்டும் படித்தேன். தென்றல் உண்டு, திராட்சைப் பந்தல் உண்டு, முல்லையாறு உண்டு, மேகம் தவழும் மலை உண்டு. ஒரு நாட்கூலி எவ்வளவு என்று சொல்லும் கவிதை ஒன்றுகூட இல்லை. என்னுடையவற்றிலும் இல்லை, முதற்குற்றவாளி நான்தான். அடுத்த நூற்றாண்டில் ஒருவன் இம்மலரை எடுத்துப் படித்தால், இங்கே வாழ்ந்தவர்கள் காற்றை உண்டு, நிலவில் குடியிருந்தார்கள் என்றே எண்ணுவான்.

ஆகவே ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து என் உரையை முடிக்கிறேன். இவ்வாண்டு முதல் நம் ஒவ்வோர் ஆண்டு மலரிலும் ஒரு பக்கத்தை 'ஊர்க்கணக்கு' என்று ஒதுக்குவோம். குச்சனூரில் அவ்வாண்டு ஒத்தி எவ்வளவு, வாடகை எவ்வளவு, வட்டி நூற்றுக்கு எத்தனை ரூபாய். நாற்று நடும் பெண்ணுக்கும் ஏலக்காய் பறிக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு கூலி. தேனிக்குப் பேருந்துக் கட்டணம் எவ்வளவு. எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஆளுக்கொரு தெருவாகக் கேட்டு எழுதுவோம். யார் பெயரும் வேண்டா, தொகை போதும். நூறு வீடுகள் உள்ள தெருவை ஒரு வாரத்தில் கேட்டு முடிக்கலாம். அந்த வேலையை நான் முப்பதாண்டு செய்தவன், வழி காட்டுகிறேன். அதனை அதிகாரிகளும் பார்க்கட்டும். கூட்டுறவுச் சங்கத்தாரும் பார்க்கட்டும். அவர்கள் பாராவிட்டாலும், ஊரை விட்டுப் போகலாமா என்று அடுத்து வந்து கேட்கப்போகும் இளைஞனுக்கு விடை சொல்ல நம்மிடம் ஒரு தாளாவது இருக்கும்.

இன்று இம்மண்டபத்தில் பாய் விரித்தவர் வேறொருவர். பழையவர் நேற்றிரவு தொலைபேசியில் பேசினார். இரவு வேலை முறை என்பதால் விழாவுக்கு வர இயலவில்லை என்று வருந்தினார். "ஐயா, அந்தத் தாளைக் கிழிச்சிப் போட்ராதீங்க. வட்டி குறைஞ்சா மறுபடி போட்டுப் பார்ப்போம்" என்றார். கிழிக்கவில்லை, என் சட்டைப்பையில் இருக்கிறது. ஊர்க்கணக்கின் முதற்பக்கமாக அதனைப் பெயர் நீக்கி வெளியிட அவரிடம் இசைவு பெற்றிருக்கிறேன். செயலாளர் அவர்களிடம் இம்மேடையிலேயே ஒப்படைக்கிறேன்.